சந்தனம் பூசிய ரெகுலேட்டர்

நீலாவதிக்கு நாற்பத்து மூன்று வயது. மலேசியாவில் பெடாஸுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் டிரஸ்ஸர் வேலை. முள் குத்தின கைக்கு மருந்து வைப்பது, பிள்ளைகளுக்கு எடை பார்ப்பது, அரிவாள் வெட்டுக்குக் கட்டுப் போட்டு ரெம்பாவ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பது என்று பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. தோட்டத்தில் எல்லோருக்கும் அவள் டிரஸ்ஸர் அம்மா. வருடத்துக்கு மூன்று தடவை அவள் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய்வருகிறாள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எதற்கு என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. "மீன் பாக்கணும்னா பசாருக்குப் போனா பத்தாதாம்மா?" என்று குலை வெட்டுகிறவர்கள் ஊசி போட வரும்போது கேட்பார்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு அன்றைக்கு ஊசி கொஞ்சம் அழுத்தமாக இறங்கும் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு.

இது மீன் பார்க்க ஆரம்பித்த விஷயம் இல்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் தோட்டத்து எல்லையிலிருக்கும் பழைய, ஈயம் தோண்டின குட்டையில் ஒரு வங்காளதேசத்துப் பையன் மூழ்கிப்போனான். டிரஸ்ஸர் என்பதால் நீலாவதி கரையில் நிற்க வேண்டியிருந்தது. முக்குளிக்கத் தெரிந்தவர்கள் தூரத்திலிருந்து வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, தூரம் அப்படி. அவர்களில் ஒருத்தி பெண். உடலைக் கரைசேர்த்துவிட்டு அவள் முதலில் கேட்டது ஒரு வாளி நல்ல தண்ணீர். அதில் தன் சாமான்களை ஒவ்வொன்றாக அலசினாள். வாளியைத் தூக்கிவந்த நீலாவதி, "இதக் கத்துக்க எவ்ளோ நாளாகும்?" என்று கேட்டாள். கேட்டவளுக்கு அப்போது நீச்சலே தெரியாது.

முதலில் நீச்சல் பழகினாள், பிறகு சிரம்பானில் ஒரு முக்குளிப்பு மன்றத்தில் சேர்ந்தாள். மன்றத்தில் அவளைவிட நன்றாக நீந்துகிறவர்கள் இருபது பேர் தேறுவார்கள். ஆனால் பயணத்துக்குச் சாமான் கட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பதினெட்டு வருடம் கண்ணாடிக் குப்பிகளையும் தடுப்பூசிகளையும் உடையாமல் கெடாமல் காத்த கை. அந்தக் கைக்கு ஒரு கண்ணாடி, இரண்டு துடுப்பு, ஒரு ரப்பர் சட்டை என்ன பெரிய காரியம்?

அவள் கட்டுகிற விதத்தைப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு. காலில் மாட்டும் துடுப்புகள் இரண்டும் பெட்டியின் இரண்டு ஓரங்களிலும் சுவர் மாதிரி நிற்கும். ரப்பர் சட்டையை மடிக்கக் கூடாது, மடித்தால் மடித்த இடத்தில் உயிர் போய்விடும். பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி அடியில் மெத்தையாகப் போடுவாள். காற்றடைக்கிற ஜாக்கெட்டுக்குள் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் இருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. தலைகீழாகத் தொங்கவிட்டு, வடித்து, மறுபடி வடித்து, உள்ளே ஒரு வாய்க் காற்று மட்டும் விட்டு மூடுவாள். முகக்கண்ணாடிக்கு ஒரு கெட்டியான சோற்று டப்பா. டார்ச் லைட்டின் பேட்டரிகளைக் கழற்றி, முனைகளில் டிஸ்பென்சரிப் பிளாஸ்திரி ஒட்டிக் கைப்பையில் வைப்பாள். மருந்துப் பெட்டிகளில் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை வருடம் முழுவதும் சேர்த்து வைத்துச் சந்து பொந்தெல்லாம் செருகுவாள். பூச்சி உருண்டை மட்டும் கிட்டேயே வரக்கூடாது. அதன் வாடை ரப்பருக்குள் இறங்கினால் கடலுக்கடியில் ஒவ்வொரு மூச்சிலும் அதைத்தான் குடிக்க வேண்டும். கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரி எடை மிஷினில் ஏறி நிற்பாள். தன் எடையைக் கழித்துப் பார்த்து இருபது கிலோவுக்குள் இருந்தால்தான் முகத்தில் சிரிப்பு வரும்.

எல்லாவற்றுக்கும் மேலே ரெகுலேட்டர். சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றைக் கொண்டுவருகிற சாமான் அதுதான். ஒரு முனையில் சிலிண்டரில் திருகுகிற உலோகக் குமிழ், மறுமுனையில் வாயில் கவ்வுகிற துண்டு, நடுவில் குழாய். அது பெட்டிக்குள் போகவே போகாது. டிஸ்பென்சரியில் கழித்துப்போட்ட தடுப்பூசிப் பை ஒன்றை வாங்கிவந்து, அதன் பஞ்சு மெத்தைக்குள் குழாயை மடங்காமல் வளைத்து வைத்து மடியிலேயே கொண்டுபோவாள். குமிழின் வாயில் கட்டைவிரல் அளவு கறுப்பு மூடி ஒன்று உண்டு. தண்ணீரில் அலசும்போதும் பையில் வைக்கும்போதும் அந்த மூடி இறுகி இருக்க வேண்டும். குமிழுக்குள் தண்ணீர் போனால் உள்ளேயிருக்கும் சல்லடை அடைக்கும், ஸ்பிரிங் துருவேறும். துருவேறியது தரையில் தெரியாது, ஆழத்தில்தான் தெரியும்.

மன்றத்தில் அவள் போட்ட சட்டம் ஒன்றும் உண்டு. சாமான் கீழே விழுந்தாலோ கெட்டுப்போனாலோ மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவளுடைய ஜோடி ஃபஸீலா, சிரம்பானில் பள்ளி ஆசிரியை, ஒரு தடவை ஏர்போர்ட்டில் காற்று அளக்கிற மீட்டரைக் கீழே போட்டுவிட்டு வெட்கத்தில் மூச்சு விடவில்லை. விஷயம் தெரிந்ததும் நீலாவதி படகு என்றும் பார்க்காமல் அவளைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டாள். "நீ வெக்கப்பட்டா நான்லா சாவேன்!" என்று அன்றைக்குச் சொன்னதை ஃபஸீலா இன்றைக்கும் அவளைப்போலவே பேசிக் காட்டுவாள்.

வீட்டில் மட்டும் இந்தச் சாமான்களைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. அவள் கணவன் முகுந்தன் தோட்ட வாசலில், வீட்டோடு ஒட்டினாற்போல் பட்டறை வைத்திருக்கிறான். டிராக்டர், லாரி, மோட்டார் சைக்கிள் எதுவானாலும் அவனிடம்தான் வரும். நீலாவதி கடலுக்குப் போவதை அவன் தடுத்ததில்லை, கேட்டதுமில்லை. கிளம்புகிற அன்றைக்கு வாசல்வரை வருவான், "பத்திரம்" என்பான், காரின் டயரைப் பார்ப்பான், உள்ளே போய்விடுவான். அந்தப் பையை எட்டு வருடத்தில் ஒரு நாள் தொட்டதில்லை. கூடத்தில் கிடந்தால் பாம்பு கிடக்கிற மாதிரி சுற்றிக்கொண்டு போவான். அவனுக்குக் கோபம் இல்லை, பயம்தான். அது நீலாவதிக்கும் தெரியும். தெரிந்தாலும், தன் வாழ்க்கையில் பாதியை ஒருவன் சுற்றிக்கொண்டு போவதைப் பார்க்க அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

இந்த வருடம் ஒரு தேர்வு வந்தது. அதில் தேறினால் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகலாம். மன்றத்தின் மீட்புக் குழுவிலும் சேரலாம், தேறாதவர்களுக்கு அதில் இடமில்லை. எங்காவது ஒரு குட்டையில் ஒருவன் மூழ்கினால் பொழுது சாய்வதற்குள் போய்ச்சேர வேண்டும். எட்டு வருடமாக அவள் மனத்தில் இருந்தது அது ஒன்றுதான். போன வருடம் கிளம்புகிற அன்றைக்குக் காய்ச்சலில் விழுந்து தேர்வைத் தவறவிட்டாள். தேர்வு வருடத்துக்கு ஒரு முறை, கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் ஒரு தீவில். இந்த முறை விஜயதசமியன்று மத்தியானம் விமானம்.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. முகுந்தனின் பட்டறையில் தீபாவளியைவிட அதுதான் பெரிய நாள். காலையிலிருந்து ஸ்பேனர், ஜாக்கி, வெல்டிங் செட் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் துடைத்து, சோப்புப் போட்டு, ஹோஸ் பிடித்துக் கழுவி, கம்ப்ரஸர் காற்றில் உலர்த்தி, துருப் பிடிக்காமல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வரிசையாக அடுக்குவார்கள். எந்தப் பெட்டியும் மூடி இருக்கக் கூடாது. சாமானுக்குக் கற்பூரப் புகை படவேண்டும். சந்தனமும் குங்குமமும் இரும்பைத் தொடவேண்டும். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைப் பூஜை முடிகிறவரை யாரும் எடுக்கக் கூடாது.

நீலாவதி ஐந்து மணிக்கு டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு வந்தாள். பட்டறையில் கூட்டம், பொரி கடலை வாசம். சுவரில் ஓர் ஆணியில் சிவப்பு அட்டைகள் தொங்கின. அதுவும் முகுந்தன் போட்ட சட்டம்தான். கெட்டுப்போன சாமானில் சிவப்பு அட்டை கட்ட வேண்டும், அதில் 'ரோசாக்', அதாவது கெட்டுவிட்டது, என்று மலாயில் எழுதிக் கெடுத்தவன் தன் பேரையும் எழுத வேண்டும், சரிசெய்த பிறகு அட்டை ஆணிக்குப் போகும். ஆணியில் கிடந்ததில் பாதி, பட்டறையில் வேலை பார்க்கிற சன்னாசியின் பேர். வயதில் மூத்தவர், கை நடுக்கம் வேறு. முகுந்தனின் பேர் இருபத்திரண்டு வருடத்தில் ஒன்றுகூட இல்லை. குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் அதைச் சொல்லிக்காட்டாமல் அவனுக்கு ஒரு விருந்து முடியாது.

"வாங்கம்மா, ஒங்க சாமானும் வந்துருச்சு" என்றார் சன்னாசி.

ஜாக்கிக்கும் வெல்டிங் செட்டுக்கும் நடுவில், வாழையிலையின் மேல் அவளுடைய துடுப்புகள் இருந்தன. முகக்கண்ணாடி இருந்தது. நடுவில், மாலை போட்டு, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து ரெகுலேட்டர்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எட்டு வருடமாகத் தொடாதவன் தொட்டிருக்கிறான். இந்த வீட்டில் உழைக்கிற சாமான் என்று அதையும் சேர்த்து எண்ணியிருக்கிறான். கும்பிடக் கைகூப்பினாள். அப்போதுதான் அந்தக் கறுப்பு மூடி குழாயோடு சும்மா தொங்குவதைப் பார்த்தாள். குமிழின் வாய் 'ஆ' என்று திறந்திருந்தது. விளிம்பில் எண்ணெய் மினுங்கியது. திறந்த வாய்க்குள் சந்தனம் வழிந்து காய்ந்திருந்தது.

"கழுவினீங்களா?" என்று கேட்டாள்.

"பின்னே? நல்லா ஹோஸ் புடிச்சு உள்ளவரைக்கும் அடிச்சுக் கழுவினேன். அப்புறம் கம்ப்ரஸர்ல ஊதி, எண்ணெ விட்டுட்டேன்" என்றான் முகுந்தன். புதுச் சைக்கிள் வாங்கின பிள்ளையின் முகம் அவனுக்கு. "கடல்ல கீழ எறங்கறப்ப நெனச்சுக்க நீலா, சாமி கும்பிட்ட சாமான்தான் வாயில இருக்குன்னு. நானும் கொஞ்சம் தூங்குவேன்."

அவ்வளவு பெரிய பேச்சு அவன் பேசி அவள் கேட்டதில்லை. சன்னாசி கற்பூரத்தை ஏற்றினார். நீலாவதி கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ராத்திரி பாயில் படுத்தும் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சொல்லாமல் இருப்பது ரொம்பச் சுலபம். தீவில் வாடகைக்கு ரெகுலேட்டர் கிடைக்கும். இதைப் பையில் வைத்துக் கொண்டுபோய் அப்படியே திருப்பிக் கொண்டுவந்து, சிரம்பானில் சர்வீஸுக்குப் போட்டுவிடலாம். அவனுக்குத் தெரியவே தெரியாது. சொன்னால் இரண்டில் ஒன்று நடக்கும்: நான் கை வைத்ததும் விளங்காமல் போச்சு என்று இனி அந்தப் பக்கமே வரமாட்டான், இல்லாவிட்டால் போகவே வேண்டாம் என்பான். இரண்டையும் தாங்க அவளிடம் தெம்பில்லை.

காலையில் பூஜை முடிந்தது. "எடுத்துக்க" என்று உத்தரவு கொடுத்துவிட்டு முகுந்தன் போகவில்லை. கூடத்தில் அவள் விரித்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். எட்டரைக்கு ஃபஸீலா கார் கொண்டுவருவாள். பசியாறக்கூட நேரமில்லை. நீலாவதி சட்டையைச் சுருட்டினாள், அவன் துடுப்புகளை ஓரமாக நிறுத்திக் கொடுத்தான். குங்குமத்தை அவள் துடைக்கவில்லை, கடல் பார்த்துக்கொள்ளும். "இதுக்கு ஏன் பிளாஸ்திரி?" "அந்த டப்பா சோத்து டப்பாதானே?" ஒவ்வொன்றுக்கும் கேள்வி. அவளுக்குப் பதில் சொல்லச் சொல்ல இனித்தது.

கடைசியில் அவன் ரெகுலேட்டரை இரண்டு கையாலும் எடுத்தான். கைக்குழந்தையைத் தருகிற மாதிரி நீட்டினான்.

"இது மடியிலதானே போவும்?"

அவள் வாங்கிக்கொண்டாள். தடுப்பூசிப் பையைத் திறந்தாள். பைக்குள் வைக்கப்போன கை நின்றுவிட்டது. அந்தப் படகும் ஃபஸீலாவின் அழுத முகமும் நினைவுக்கு வந்தன.

"என்னங்க" என்றாள். "இத நான் வாயில வெக்க முடியாது."

"ஏன்?"

"தண்ணி உள்ள போயிருச்சு. எண்ணெயும் போயிருச்சு. அந்த மூடிய தெறந்து கழுவக் கூடாது."

"காத்தடிச்சுக் காய வெச்சனே."

"கார்புரேட்டருக்குள்ள தண்ணி போனா வெளிய காய வெச்சாப் போதுமா?"

முகுந்தனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அந்த ஊரில் அந்த ஒரு வாக்கியத்தை அவனைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவன் இல்லை. முகத்தில் ஈயாடவில்லை.

"வண்டின்னா ரோட்ல நிக்கும்" என்றான் மெதுவாக. "இது எங்க நிக்கும்?"

"பதினெட்டு மீட்டர்ல. நிக்காமலும் போலாம். தெரியாதுல்ல."

"கழட்டிக் குடு. நான் தொறந்து தொடச்சு…"

"வேணாங்க. அதுக்குப் படிச்சவங்கதான் தொறக்கணும்."

அவன் கையை இழுத்துக்கொண்டான். பட்டறைக்காரனிடம் அப்படிச் சொல்வது அடிமடியில் கைவைக்கிற வேலை. சொன்னவளுக்கே சுருக்கென்றது. அவன் ஒரு சண்டையும் போடவில்லை.

"நேத்தே தெரியுமா ஒனக்கு?"

"பாத்ததுமே தெரியும்."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"எட்டு வருஷமா இந்தப் பைய நீங்க தொட்டதில்ல. நேத்துதான் தொட்டீங்க. அதப் போயி தப்புன்னு சொல்ல வாய் வரல. எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சுங்க."

முகுந்தன் எழுந்தான். பின்கதவு வழியாகப் பட்டறைக்குப் போனான். முடிந்தது கதை என்று நீலாவதி நினைத்தாள். வெளியே ஃபஸீலாவின் கார் ஹாரன் அடித்தது. பெட்டியைப் பூட்டினாள், ரெகுலேட்டர் மட்டும் பாயில் கிடந்தது. அதை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

திரும்பி வந்தபோது முகுந்தன் கையில் ஒரு சிவப்பு அட்டையும் கம்பியும் இருந்தன. பாயில் உட்கார்ந்தான். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொட்டை எழுத்தில் 'ரோசாக்' என்று எழுதினான். அதற்குக் கீழே, ஒரு நிமிஷம் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்துவிட்டு, 'முகுந்தன்' என்று எழுதினான். குமிழின் கழுத்தில் கம்பியைச் சுற்றி முறுக்கினான். பிறகு அந்தக் கறுப்பு மூடியை எடுத்து, குமிழின் வாயில் வைத்து, விரலால் இறுக்கித் திருகினான்.

"இப்ப மூடி என்னா புண்ணியம்?" என்று அவனே சொல்லிக்கொண்டான். அப்புறம் அவளைப் பார்த்தான். "கொண்டு போ. போறவன் வர்றவன் யாரும் தெரியாம எடுத்து வாயில வெச்சுறக் கூடாது. அங்க வாடகைக்கு எடுக்கறதுல மூடி இருக்கான்னு பாத்து எடு."

"நான் போவட்டுங்களா?"

"போவாம? அந்தப் பையன் கெடந்த குட்டையில நானுந்தான கரையில நின்னேன்" என்றான். இதையும் அவன் எட்டு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னான்.

காரின் பின்பக்கத்தில் பெட்டியை அவனே தூக்கி வைத்தான். "பத்திரம்" என்றான். இந்தத் தடவை டயரைப் பார்க்கவில்லை.

தீவில் தேர்வுக்கு முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் சாமானைப் பரப்பிக் காட்ட வேண்டும். தேர்வு வைத்த பயிற்சியாளர், சபாவிலேயே கூடாட் ஊர்க்காரர், சிவப்பு அட்டையைத் திருப்பிப் பார்த்தார். தமிழ் எழுத்து அவருக்குப் புரியவில்லை. இது யார் பேர் என்று மலாயில் கேட்டார். கெடுத்தவர் பேர் என்றாள் நீலாவதி. கெடுத்தவனே பேர் எழுதிக் கொடுத்து இதுவரை நான் பார்த்ததில்லை என்றார் அவர். "என் வீட்டுக்காரர்" என்று அவள் சொன்னபோது பக்கத்தில் நின்ற ஃபஸீலாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாடகைச் சாமானில் இறங்கினாள். அதன் வாய்த்துண்டு அவள் பல்லுக்குப் பழக்கமில்லாமல் உறுத்தியது. மூன்றாம் நாள் தேறினாள். செய்தியைச் சொல்லப் போன் போட்டபோது முகுந்தன் முதலில் கேட்டது, "மூடி இருந்துச்சா?" என்றுதான்.

சிரம்பானில் சர்வீஸ் செய்து ரெகுலேட்டர் திரும்பி வந்தது. உள்ளே சல்லடையிலிருந்து சந்தனத்தைச் சுரண்டி எடுத்தோம் என்று கடைக்காரர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அட்டையைக் கழற்றிக் கொண்டுபோய் முகுந்தன் ஆணியில் மாட்டினான், எல்லா அட்டைக்கும் முன்னால். சன்னாசி கிட்டே போய் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு முதலாளியைப் பார்த்தார். "தவுக்கே, இருபத்திரண்டு வருஷம்னு சொன்னீங்களே?" என்றார். "சொன்னேன்" என்றான் முகுந்தன். அதன் பிறகு எந்த விருந்திலும் அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

அடுத்த ஆயுத பூஜையன்று நீலாவதிக்கு டிஸ்பென்சரியில் கூட்டம். மூன்று மணிக்கே போன் வந்தது, அவசரம் என்று. முதுகுப் பையை மாட்டிக்கொண்டு அரக்கப் பரக்க ஓடி வந்தாள். எங்கேயோ யாரோ தண்ணீரில் விழுந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். பட்டறையில் எல்லாச் சாமானும் கழுவி அடுக்கியாகிவிட்டது. சந்தனக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முகுந்தன் நின்றிருந்தான். வாழையிலையில் ரெகுலேட்டர் இருந்தது, உலர்ந்து, ஒரு துளி நனையாமல்.

"மூடி போட்டுத்தான் இருக்கு, நான் தொடல" என்றான். "இருந்தாலும் நீயே ஒருக்கா முறுக்கிப் பாத்துரு. அப்புறம் வெக்கறேன்."

அவள் குனிந்து மூடியை முறுக்கினாள். இறுக்கமாகத்தான் இருந்தது. நிமிர்ந்து, "ம், வைங்க" என்றாள்.